பிழையின் தடம் தேடும் கணினி

கைப்பேசி தன் உரிமையாளரின் முகத்தை அடையாளம் காண்கிறது. மொழிபெயர்ப்புச் செயலி ஒரு மொழியின் வாக்கியத்தை நொடிப்பொழுதில் மற்றொரு மொழிக்கு மாற்றுகிறது. இவற்றைக் காண்போர், கணினி தானாகவே சிந்திக்கத் தொடங்கிவிட்டது என்று வியப்பதுண்டு. உண்மையில் அங்கு நடப்பது கணக்கே. பயிற்சியின்போது, தன் விடை எவ்வளவு தவறியது, அத்தவற்றைக் குறைக்க எதை எந்தப் பக்கம் மாற்ற வேண்டும் என்பதைக் கணினி மீண்டும் மீண்டும் கணக்கிடுகிறது. அதற்குத் துணைபுரியும் முறையே 'தானியங்கி வகையிடல்' ஆகும்.

ஓர் எளிய எடுத்துக்காட்டு இதனை விளக்கும். ஒருவர் 2 மணி நேரத்தில் 6 கிலோமீட்டர் நடக்கிறார். அவருடைய வேகம் மணிக்கு 3 கிலோமீட்டர் என்பதை மாணவர் எவரும் உடனே கூறிவிடுவர். ஆனால், கணினி வகுத்துப் பார்க்காமல், ஊகித்துத் திருத்தி இவ்விடையைக் கண்டறிய வேண்டும் என்று வைத்துக்கொள்ளலாம். முதலில் அது வேகத்தை 1 என ஊகிக்கிறது. அப்படியானால் நடந்த தூரம் 2 கிலோமீட்டர். இஃது உண்மையான தூரத்தைவிட 4 குறைவு. இந்த வேறுபாட்டின் வர்க்கமாகிய 16 பிழையின் அளவாகக் கொள்ளப்படுகிறது.

வேகத்தைச் சிறிது கூட்டினால் பிழை கூடுமா, குறையுமா? எவ்வளவு விரைவாக மாறும்? இக்கேள்விகளுக்கு விடை தருவது வகைக்கெழு. இங்கு அதன் மதிப்பு -16. ஊகத்தைக் கூட்டினால் பிழை குறையும் என்பதையே அந்த எதிர்க்குறி உணர்த்துகிறது. எனவே, 16இல் பத்தில் ஒரு பங்காகிய 1.6 ஊகத்துடன் கூட்டப்படுகிறது. புதிய ஊகம் 2.6, பிழை 0.64. மீண்டும் ஒரு முறை இவ்வாறே செய்தால், ஊகம் 2.92 ஆகிறது, பிழை 0.03க்கும் கீழே இறங்கிவிடுகிறது. அடி மேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்று வேண்டுமா?

அந்த -16ஐக் கணினி எவ்வாறு கண்டறிகிறது? பிழையைக் கணக்கிட மூன்று செயல்கள் நடந்தன: 2ஆல் பெருக்கல், 6ஐக் கழித்தல், வர்க்கப்படுத்தல். கணினி இவற்றை வரிசையாகப் பதிவு செய்துகொள்கிறது. பிறகு, முடிவிலிருந்து தொடக்கத்தை நோக்கி நடக்கிறது. வர்க்கப்படுத்தலின் வகைக்கெழு -8, கழித்தலுக்கு 1, பெருக்கலுக்கு 2. இம்மூன்றையும் பெருக்கினால் -16 கிடைக்கிறது. கணிதத்தில் இது சங்கிலி விதி எனப்படும். இவ்வாறு பின்னோக்கிக் கணக்கிடும் முறையைப் பின்லாந்தைச் சேர்ந்த செப்போ லின்னைன்மா 1970ஆம் ஆண்டு தம் முதுகலை ஆய்வேட்டில் விளக்கினார். மாற்ற வேண்டிய எண்கள் பத்து இலட்சம் இருந்தாலும், ஒருமுறை முன்னோக்கியும் ஒருமுறை பின்னோக்கியும் நடந்தாலே எல்லாவற்றுக்கும் வகைக்கெழு கிடைத்துவிடும். இம்முறையின் பெரும் பயன் இதுவே.

இன்று இதனைச் செய்து பார்க்கப் பெரிய ஆய்வுக்கூடம் தேவையில்லை. ஓர் இணைய உலாவியே போதும். இணையப் பக்கங்களுக்கென 1995ஆம் ஆண்டு பிரண்டன் ஐக் உருவாக்கிய நிரல்மொழி ஜாவாஸ்கிரிப்ட். அம்மொழியில் பயன்படும் 'டென்சர்ஃபுளோ ஜேஎஸ்' என்னும் நிரல் நூலகத்தைக் கூகுள் நிறுவனம் 2018ஆம் ஆண்டு வெளியிட்டது. அதிலுள்ள 'கிராட்' என்னும் கட்டளையிடம் ஒரு சார்பைக் கொடுத்தால், அதன் வகைக்கெழுவைக் கணக்கிடும் புதிய சார்பை அது திருப்பித் தரும். கணக்கு பயனரின் கணினியிலேயே நடக்க முடியும் என்பதால், அவருடைய குரலையோ படத்தையோ வேறிடத்திற்கு அனுப்பாமலேயே பயிற்சி அளிக்கும் வழியும் உண்டு.

எனினும், இங்கு விழிப்பு தேவை. ஜாவாஸ்கிரிப்டில் கூட்டல், பெருக்கல் குறிகளுக்குப் புதிய பொருள் கற்பிக்க இயலாது. ஆகவே, ஒவ்வொரு செயலையும் நூலகம் தரும் கட்டளைகளைக் கொண்டே எழுத வேண்டும். இடையில் ஒரு மதிப்பை வெளியே எடுத்துச் சாதாரண எண்ணாகக் கணக்கிட்டால், அந்தச் செயல் பதிவில் இடம்பெறாது. சங்கிலி முழுவதும் அறுந்தால் நூலகம் பிழைச்செய்தி காட்டும். ஒரு கிளை மட்டும் அறுந்தாலோ, எந்த எச்சரிக்கையும் இன்றித் தவறான வகைக்கெழு வந்து நிற்கும். கணினி அதையே நம்பித் தவறான திசையிலும் செல்லக்கூடும்.

இதனைக் கண்டுபிடிக்க ஓர் எளிய சோதனை உண்டு. ஊகத்தை 1இலிருந்து 1.001ஆக மாற்றினால், பிழை 16இலிருந்து 15.984004 ஆகிறது. பிழையில் ஏற்பட்ட மாற்றத்தை 0.001ஆல் வகுத்தால் -15.996 கிடைக்கிறது. இது -16க்கு மிக அருகில் இருப்பதால், நூலகம் தந்த விடையை நம்பலாம். இரண்டும் வெகுவாக வேறுபட்டால், நிரலை மீண்டும் படித்துப் பார்ப்பதே அறிவுடைமை.

திசையைக் காட்டுவது மட்டுமே தானியங்கி வகையிடலின் வேலை. எதைப் பிழை என்று கொள்வது, எந்தத் தரவைக் கொண்டு பயிற்சி அளிப்பது என்பவற்றைத் தீர்மானிப்போர் மனிதர்களே. தூரம் 6 என்பதற்குப் பதிலாக 8 எனத் தவறாகப் பதிந்திருந்தால், கணினி அதே பொறுமையுடன் உழைத்து, வேகம் 4 என்னும் தவறான விடையைச் சென்றடையும். அப்போதும் பிழை குறைந்துகொண்டே வருவதாகத்தான் அது காட்டும். ஆகவே, கருவியைப் பயன்படுத்தத் தெரிந்தால் மட்டும் போதாது. அதனிடம் கொடுப்பது சரியானதா என்று ஆராயவும் கற்க வேண்டும்.