நீரிறைக்கும் மோட்டாருக்குக் காயில் சுற்றுகையில் கம்பி தேயாதிருக்கச் செய்யவேண்டியவை

சேலம் ஜில்லாவில் ஆட்டையாம்பட்டியைச் சூழ்ந்துள்ள சமவெளியில் பயிர்த்தொழில் பெரும்பாலும் கிணற்றையும் ஆழ்துளைக் குழாயையும் நம்பியே நடைபெறுகின்றது. திருமணிமுத்தாற்றின் நீர் எல்லாப் பூமிக்கும் எட்டுவதன்று. அடியிலோ கடும்பாறை, ஆகையால் பல நூறு அடி ஆழத்தில் மோட்டாரை இறக்கிவைத்து நீரெடுப்போர் அநேகர். அம்மோட்டார் கருகிவிடின் குழாய்களை ஒவ்வொன்றாய்க் கழற்றி மேலே தூக்குவதிலும், புதிதாய்க் காயில் சுற்றுவதிலும், திரும்ப இறக்குவதிலும் பல நாட்கள் கழிந்துபோகும். சித்திரை வெயிலில் நிற்கும் கரும்பும் காய்கறியும் அத்தனை நாள் காத்திரா.

ஒருமுறை காயில் சுற்றிய மோட்டார் ஆறே மாதத்தில் மறுபடியும் கருகிற்று என்னும் முறையீடு அடிக்கடி கேட்கப்படுகிறது. கம்பி மட்டமானது என்று உடையவர் குறைகூறுவார்; கரண்டு சரியில்லை என்று சுற்றியவர் சொல்லுவார். இரண்டும் உண்மையாயிருக்கக்கூடும். ஆயினும் நல்ல கம்பியே பாபினிலிருந்து காடிக்கு வந்துசேரும் வழியில் உராய்ந்து கெட்டுவிடுவதும் உண்டு. அது வெளியில் புலப்படாததால் எவரும் அதைக் கவனிப்பதில்லை.

மேட்டூர் அணையின் மின்நிலையம் 1937-இல் வேலை தொடங்கிய பின்னும் நெடுங்காலம் இப்பக்கத்தில் கவலையே நீரிறைத்து வந்தது. கவலை ஓட்டிய பெரியோர் இன்றும் சிலர் உளர். உருளை தடையின்றிச் சுழன்றால் வடம் நெடுநாள் உழைக்கும். உருளை இறுகி நின்றுவிட்டால், புது வடமாயினும் விரைவில் நைந்துபோகும் என்பதை அவர்கள் நன்கறிவர். ஊரிலுள்ள நெசவாளரும் இதனை அறிவர். பருத்தி நூல் ஓயாமல் ஓடி இரும்புக் கம்பியிலும் பள்ளம் விழச்செய்யும். ஆதலின் நூல் ஓடும் கண்ணுக்குப் பீங்கானை வைப்பது தறித்தொழிலின் வழக்கம். காயில் கம்பிக்கும் நியாயம் இதுவே. ஆனால் இங்கே தேய்வது செம்பன்று, அதன்மேலுள்ள பூச்சு. கிணற்று மேட்டில் நிற்கும் மோட்டாருக்கு உபயோகமாகும் எனாமல் கம்பியில் அப்பூச்சின் கனம் ஒரு மில்லிமீட்டரை நூறு பங்காக்கினால் அவற்றுள் சில பங்கே. அது ஓரிடத்தில் சுரண்டப்பட்டு, அடுத்த சுற்றின் சுரண்டிய இடத்தைத் தொட்டால் போதும். மோட்டார் கருகுவதற்கு அதுவே வித்து.

கம்பி எத்தனை முறை வளைகிறது என்பதை முதலில் பார்க்கவேண்டும். சுழலாத ஆணியையோ மரச்சட்டத்தையோ சுற்றிக் கம்பி வருமாயின், ஒவ்வொரு வளைவிலும் இழுவிசை கூட்டப்படுவதில்லை, பெருக்கப்படுகிறது. 18-ஆம் நூற்றாண்டில் ஆய்லர் என்னும் கணித அறிஞர் இதற்குக் கணக்கு வகுத்தார். உராய்வின் அளவு 0.2 என்று கொண்டால், செங்கோணமாய் ஒருமுறை வளைந்த கம்பியில் இழுவிசை ஏறக்குறைய 1.37 மடங்காகும்; மூன்று முறை வளைந்தால் இரண்டரை மடங்கையும் தாண்டும். அவ்விசையே பூச்சை ஆணியில் அழுத்தித் தேய்ப்பது. மேலும் செம்பு நீண்டு மெலியும். நூற்றுக்கு இரண்டு பங்கு நீண்டால் மின்தடை நூற்றுக்கு நான்கு பங்கு உயர்கிறது. ஓட்டத்தில் சூடும் அதற்கேற்ப ஏறும்.

ஆனால் உராய்வே கூடாது என்று எண்ணுதல் தவறு. இழுப்பு அறவே இல்லாத காயில் தளர்ந்து பருத்துக் காடியில் அடங்காது. அடங்காததைச் சுத்தியால் தட்டி நுழைப்பது அதனினும் கேடு. வேண்டிய இழுப்பை ஒரே இடத்தில், பாபினுக்கு அருகில், இரண்டு கம்பளித் துண்டுகளுக்கிடையே கம்பியைச் செலுத்தி உண்டாக்குக. அதற்கப்பால் கம்பி தொடுவன எல்லாம் சுழல்வனவாக இருத்தல் வேண்டும். கம்பளியில் செந்நிறத் தூள் படிகிறதா என்று அடிக்கடி பார்த்துக்கொள்க. தூள் காணுமாயின் பூச்சு உதிர்கிறதென்று அறியலாம்.

வழிகாட்டும் உருளை, கம்பியின் பருமனைப்போல் இருபது முப்பது மடங்குக்குக் குறையாத விட்டமும், வழுவழுப்பான உருண்ட பள்ளமும் உடையதாய், விரலால் தொட்டாலே சுழல்வதாயிருப்பது நலம். இதனைப் பார்மாவுக்கு மிக அருகில் அமைத்தால் காயிலின் இரு ஓரங்களிலும் கம்பி சாய்ந்து பள்ளத்தின் விளிம்பில் உரசும். சற்றுத் தள்ளி அமைத்தால் சாய்வு குறையும். கனத்த கம்பியாயின் பாபினை அச்சில் கோத்துச் சுழலவிடுக. தரையில் கிடக்கும் பாபினிலிருந்து இழுப்பதால் குலுக்கும் முறுக்கும் ஏற்படும். முறுக்கு விழுந்த கம்பியை நிமிர்த்திச் சுற்றிவிடுவது கடைகளில் சாதாரணம். அந்த இடத்தில் பூச்சு வெடித்திருக்கும் என்பதை உடையவர் அறிந்து, அப்பகுதியை விலக்கும்படி கேட்கலாம்.

நீரில் மூழ்கி ஓடும் மோட்டாரின் வேலை வேறு. அதன் கம்பிக்கு எனாமலுக்குப் பதிலாகக் கனத்த பிளாஸ்டிக் உறை உண்டு. காடியின் வாய் மிகக் குறுகியது. ஆதலால் பார்மாவில் சுற்றிய காயிலை அதில் வைக்க இயலாது. கம்பியை ஊசியில் நூல் கோப்பதுபோல் ஒவ்வொரு சுற்றும் இழுத்துக் கோக்கவேண்டும். இங்கேதான் உராய்வு மிகுதி. கணக்குக்காக ஒரு காயிலுக்கு 40 சுற்று என்று கொள்வோம். கம்பியை ஒரு முனையிலிருந்து கோத்து வந்தால், கடைசிச் சுற்றாக அமையும் பகுதி அதற்கு முன் 39 சுற்றுக்கும், சுற்றொன்றுக்கு இரண்டு காடி வீதம், 78 முறை காடிக்குள் இழுபட்டு வந்ததாகும்! வெட்டியெடுத்த கம்பியின் நடுவிலிருந்து தொடங்கி இரு பாதிகளையும் இருபுறமாகக் கோத்தால் இத்தொகை 38 ஆகச் சுருங்கும். இதற்குக் காசு செலவில்லை; சிறிது பொறுமையே வேண்டுவது.

காடியின் வாயையும் விரலால் தடவிப் பார்க்கவேண்டும். பழைய காயிலை உளியால் வெட்டி இழுத்தபோது தகடுகளின் ஓரம் பிசிறாக எழும்பியிருக்கும். அப்பிசிறை மெல்லிய அரத்தால் நீக்கி, தூளை ஊதித் துடைத்து, காடிக்கு உரிய உறையை ஓரத்துக்கு வெளியே சற்று நீளும்படி இடுக. பழைய காயிலைத் தீயிட்டு எரித்து எடுப்பது தகடுகளுக்கிடையேயுள்ள காப்பையும் அழித்துவிடும்; அதற்கு இணங்கவேண்டாம். கோக்கும்போது வழுக்குதற்பொருட்டு எண்ணெயோ மண்ணெண்ணெயோ சோப்பு நீரோ தடவலாகாது. எண்ணெய் வகைகள் உறையைக் கெடுக்கும். சோப்பு உப்பாய்த் தங்கும். உலர்ந்த, வாசனை சேராத மாக்கல் பொடியே போதுமானது. கம்பியை அமுக்குதற்கு மூங்கில் அல்லது பைபர்ப் பட்டையன்றி ஸ்குரூடிரைவரைத் தொடவிடாதீர்.

கருகிய மோட்டாரைப் பிரிக்கும்போது உடையவர் உடனிருப்பது நலம். பிணக்கு நேர்ந்து கிராம அதிகாரிகளிடம் வந்தால், அவர்களும் பழைய காயிலை எறிந்துவிடாமல் வைத்திருக்கச் சொல்லுதல் தகும். சுற்று முழுவதும் ஒரே சீராய்க் கறுத்திருப்பின், தாழ்ந்த வோல்ட்டேஜோ அதிகப் பளுவோ காரணமாயிருக்கலாம். மூன்று பேஸ்களில் ஒன்றின் சுற்றோ இரண்டின் சுற்றோ மட்டும் ஒழுங்காய்க் கருகி, மற்றது புதிதுபோல் இருப்பின், ஒரு பேஸ் வராதபோது மோட்டார் ஓடியிருக்கும். இவ்விரண்டுக்கும் சுற்றியவரைக் குறைகூறுவது அநியாயம். எல்லாம் நன்றாயிருக்க ஓரிடத்தில் மட்டும் வெந்து செம்பு உருகியிருந்தால், மின்னல் தாக்குதல் நேராதவரை, அவ்விடத்துப் பூச்சு முன்னமே காயப்பட்டிருந்ததென்று ஐயுறலாம்.

மூழ்கும் மோட்டாரைப் புதிதாய்ச் சுற்றியபின், உடனே குழாயில் மாட்டாமல், சுற்றை ஒரு முழுநாள் சுத்தமான நீரில் ஊறவைத்து, 500 வோல்ட் மெக்கரால் சோதித்துக் காட்டும்படி கேட்டுக்கொள்க. முள் ஒரு மெகாஓமுக்கும் கீழே நின்றால் அம்மோட்டாரை இறக்கக்கூடாது. பிழை எங்கேயென்று கடையிலேயே தேடுவது, பல நூறு அடிக் குழாயை மறுபடி தூக்குவதினும் எளிது.