தங்கவயல் பட்டதாரிக்குக் கொள்கை ஆய்வு வேலை

தங்கவயலின் மாரிகுப்பத்தில் விடியற்காலை ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவர்களுக்கும், இனிமேல் போகப்போகிறவர்களுக்கும் சொல்கிறேன்: ஐ.டி. கம்பெனிகளோடு அந்த ஊரில் கொள்கை ஆய்வு நிறுவனங்களும் இருக்கின்றன. அரசுத் திட்டங்களை அலசி, அறிக்கை எழுதி, அதிகாரிகளைப் பதில் சொல்ல வைப்பதுதான் அங்கே வேலை.

அந்த வேலையின் வலு என்ன? ஐஐஎம் அகமதாபாத்தின் முன்னாள் இயக்குநர் சாமுவேல் பால், 1993இல் பெங்களூர் மக்களிடம் குடிநீர், மின்சாரம், மாநகராட்சி பற்றிக் கருத்துக் கேட்டு, ஒவ்வொரு துறைக்கும் மதிப்பெண் அட்டை போட்டார். பத்திரிகைகள் அதை விடாமல் எழுதின. அந்த முயற்சியிலிருந்து 1994இல் பப்ளிக் அஃபேர்ஸ் சென்டர் என்ற ஆய்வு நிறுவனம் பிறந்தது. 1999, 2003 என அட்டை திரும்பத் திரும்ப வந்ததால், துறைகளால் அதைத் தட்டிக்கழிக்க முடியவில்லை.

நம் தங்கவயலுக்கும் அப்படி ஓர் அட்டை வேண்டும். 2001 பிப்ரவரி 28இல் இங்கே சுரங்கம் நடத்திய பாரத் கோல்டு மைன்ஸ் மூடப்பட்டது. 2024 ஜூனில், சயனைடு மேடுகள் எனப்படும் 13 சுரங்கக் கழிவு மேடுகளில், சுமார் 1,003 ஏக்கரில், மறுபடி தங்கம் எடுக்கும் மத்திய அரசின் திட்டத்துக்குக் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் தந்தது. இந்தத் திட்டம் பற்றிய விவாதத்தில் சுரங்கத் தொழிலாளர்களின் லைன் வீடுகளில் வளர்ந்தவர்களின் ஆய்வும் இருந்தாக வேண்டும். தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றிலும் ஆட்களிடம் பேசித் தகவல் வாங்க உங்களால் முடியும். பயோடேட்டாவில் அதை முதல் வரியாகப் போடுங்கள்.

வேலை கேட்கும் முன் இரண்டு பக்கக் குறிப்பு ஒன்று எழுதிவிடுங்கள். ‘சயனைடு மேட்டின் பாதிப்புகள்’ என்று தலைப்பு வைத்தால் யாரும் படிக்க மாட்டார்கள். ‘மேட்டை ஒட்டிய லைன்களில் தூசியைத் தடுக்க நகரசபை மூன்று ஆண்டுகளில் செலவழித்தது எவ்வளவு?’ என்று கேளுங்கள். இதற்கு விடை இருக்கிறது, அது ஆவணத்தில் இருக்கிறது. 10 ரூபாய் கட்டித் தகவல் உரிமை மனு போடுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். பதில் வருவதற்குள் இருபது வீடுகளில் ஒரே கேள்விகளைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். முதல் பத்தியிலேயே விடையைச் சொல்லிவிடுங்கள். பரிந்துரை ஒன்று போதும், அதை எந்த அதிகாரி செய்ய வேண்டும் என்பதையும் எழுதுங்கள்.

படிப்பு வேண்டுமென்றால் தக்ஷசீலா நிறுவனம் இணையவழியில் பொதுக்கொள்கைச் சான்றிதழ் படிப்பு நடத்துகிறது. 1972இல் தொடங்கப்பட்டு, இப்போது நாகரபாவியில் இயங்கும் சமூக, பொருளாதார மாற்ற ஆய்வு நிறுவனமான ஐசெக்கில் முனைவர் பட்டம் வரை போகலாம்.

இன்டர்ன்ஷிப் கிடைத்தால் உதவித்தொகை எவ்வளவு என்று கூச்சப்படாமல் முன்கூட்டியே கேளுங்கள். சீசன் டிக்கெட்டும் மதியச் சாப்பாடும் உங்கள் கையிலிருந்து போகக்கூடாது.