வைகாசியில் காய வைத்த பழம் புரட்டாசியிலும் கை கொடுக்கும்



சித்திரை, வைகாசி வந்தால் தேவதானப்பட்டி, பெரியகுளம் பக்கம் எங்கு பார்த்தாலும் மாம்பழம். விலை இறங்கிவிட்டால், "இத்தனையையும் யாரு திங்கிறது?" என்று குப்பையில் கொட்டுகிறோம். நாலு மாதம் கழித்து அதே வீட்டுப் பிள்ளை பெட்டிக்கடையில் பொட்டலத் தீனி வாங்கித் தின்கிறது. இது நியாயமா?

பழம் ஏன் கெடுகிறது?

100 கிராம் மாம்பழச் சதையில் 80 கிராமுக்கு மேல் தண்ணீர்தான். கிருமியும் பூஞ்சைக் காளானும் அந்த ஈரத்தில்தான் வளருகின்றன. ஈரத்தை எடுத்துவிட்டால் பழம் நிற்கும். நம் பாட்டிமார் மாங்காய் வற்றல் போட்டதும் இதே முறைதான்.

செய்யும் முறை

1. பழுத்தும் கெட்டியாக இருக்கும் பழமாகப் பாருங்கள். அழுகல் வேண்டாம். கல் வைத்துப் பழுக்க வைத்ததும் வேண்டாம். கால்சியம் கார்பைடு சட்டப்படி தடை செய்யப்பட்டது.

2. கை, கத்தி, பழம் மூன்றையும் நன்றாகக் கழுவுங்கள். தோல் சீவி, அரை சென்டிமீட்டர் கனத்துக்கு ஒரே சீராக நறுக்குங்கள். வாழைப்பழமானால் எலுமிச்சைச் சாறு கலந்த நீரில் முக்கி எடுங்கள், அதிகம் கறுக்காது.

3. மின்சார ஓவன் உள்ள வீட்டில், தட்டில் ஒன்றன் மேல் ஒன்று படாமல் அடுக்கி, 60 முதல் 70 டிகிரி சூட்டில் வையுங்கள். கதவை இரண்டு விரல் அளவு திறந்து வைத்தால்தான் ஆவி வெளியேறும். பாதியில் திருப்பிப் போடுங்கள். 6 முதல் 10 மணி நேரம் பிடிக்கும். பிள்ளைகளை அருகில் விடாதீர்கள்.

4. ஓவன் இல்லையா? கவலை வேண்டாம், நம்ம ஊர் வெயிலே அடுப்பு. தட்டில் பரப்பி, மெல்லிய துணியால் மூடி, இரண்டு மூன்று நாள் காய வையுங்கள். ஈ மொய்க்காது, நேர் வெயிலில் கெடும் வைட்டமின் ஏ சத்தும் ஓரளவு மிஞ்சும். பொழுது சாய்ந்ததும் உள்ளே எடுத்துவிடுங்கள்.

5. ஆறிய துண்டை மடித்துப் பாருங்கள். வளைய வேண்டும், ஈரம் கசியக் கூடாது. ஈரமில்லாத கண்ணாடிப் பாட்டிலில் ஒரு வாரம் தினமும் குலுக்குங்கள். உள்ளே நீர் முத்து கண்டால் மறுபடி காய வையுங்கள். பூஞ்சை பூத்தால் முழுவதையும் கொட்டிவிடுங்கள்.

ஒரு கிலோ சதைக்கு ஏறக்குறைய 200 கிராம் வற்றல் கிடைக்கும்.

யார், எவ்வளவு?

சர்க்கரை சேர்க்காவிட்டாலும் இனிப்பு சுண்டி நிற்கும். ஆகவே ஒரு வேளைக்கு நாலைந்து துண்டு போதும். தின்றதும் வாய் கொப்பளியுங்கள். நீரிழிவு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டே சாப்பிட வேண்டும். நாலு வயதுக்குள்ளான குழந்தைக்கு அப்படியே கொடுக்காதீர்கள், தொண்டையில் சிக்கும். ஊற வைத்து மசித்துக் கொடுங்கள்.

கணவன்மாருக்கு ஒரு வார்த்தை

மனைவி கர்ப்பமாக இருந்தால், வற்றல் இருக்கிறதே என்று இரும்புச் சத்து மாத்திரையை விட்டுவிட வேண்டாம். பழ வற்றல் இரத்தச் சோகையைத் தீர்க்காது. 180 நாள் மாத்திரையும் கீரையும் பருப்பும் முட்டையும் அவசியம். மாத்திரையை டீ, காப்பியோடு விழுங்கக் கூடாது. தினமும், "மாத்திரை போட்டியா?" என்று கேளுங்கள். பழம் நறுக்கவும் ஒரு கை கொடுங்கள். குடும்ப நலம் இருவர் பொறுப்பு.

ஐயம் இருந்தால் உங்கள் கிராம சுகாதாரச் செவிலியரைக் கேளுங்கள்.