எண் ஏன் குதிக்கிறது?



அறிவியல் கண்காட்சிக்காக எங்கள் வகுப்பில் செடிக்குத் தானாகத் தண்ணீர் விடும் கருவி செய்தோம் அல்லவா? அதில் இரண்டு வாரம் எங்களைப் பாடாய்ப் படுத்திய கோளாறு ஒன்று உண்டு. அதன் பெயர் மின் இரைச்சல். காதில் கேட்காத இரைச்சல் இது. கம்ப்யூட்டர் திரையில்தான் தெரியும்.

கருவியில் இருப்பது ஆர்டுயினோ ஊனோ என்ற சின்ன போர்டு. அதன் நடுவில் பூரான் மாதிரி நிறைய காலோடு கறுப்பாக இருப்பதுதான் மைக்ரோ கன்ட்ரோலர். மண்ணில் குத்திய சென்சாரில் இருந்து வரும் மின்னழுத்தத்தை அது 0 முதல் 1023 வரை ஓர் எண்ணாக மாற்றி, யு.எஸ்.பி. ஒயர் வழியாக லேப்டாப்புக்கு அனுப்பும். 5 வோல்ட்டை 1024 பங்கு போட்டால் ஒரு பங்கு கிட்டத்தட்ட 5 மில்லிவோல்ட். இவ்வளவு நுணுக்கமாக அளப்பதால் வேண்டாததையும் சேர்த்து அளந்துவிடுகிறது.

இதை நீங்களே பார்க்கலாம். போர்டின் ஏ0 துளையில் ஒரு முழம் ஒயரைச் செருகி, மறுமுனையைச் சும்மா விடுங்கள். எதையுமே இணைக்கவில்லை, ஆனாலும் எண் ஓடும். கையைப் பக்கத்தில் கொண்டு போனால் இன்னும் ஓடும்! சுவருக்குள் போகும் 230 வோல்ட் மின்சாரம் நொடிக்கு 50 தடவை ஏறி இறங்குகிறது. சும்மா தொங்கும் ஒயர் ரேடியோ ஏரியல் மாதிரி அதைப் பிடித்துக்கொள்கிறது. ஏ0-வுக்கும் கிரவுண்டுக்கும் நடுவில் 10 கிலோ ஓம் மின்தடை ஒன்றை வைத்தால் அடங்கிவிடும்.

எங்கள் கோளாறு இவ்வளவு லேசில் அடங்கவில்லை. சென்சாரை ஜன்னலுக்கு வெளியே தோட்டத்து மண்ணில் குத்தினால் எண் 300, 850, 420 என்று குதித்தது. ஒயரை மாத்தினோம், சென்சாரை மாத்தினோம், ஒண்ணும் ஆகலை. பிறகு 20 எண்களின் சராசரியை எடுக்கும்படி புரோகிராமை மாற்றினோம். எண் அமைதியாகிவிட்டது. கைதட்டினோம்.

அறிவியல் சார் சிரிக்கவே இல்லை. "இரைச்சல் எங்கம்மா போச்சு? மூடித்தானே வெச்சிருக்கீங்க? ஒவ்வொண்ணா கழட்டிப் பாருங்க. ஒரு நேரத்துல ஒண்ணுதான்" என்றார்.

சராசரியை எடுத்துவிட்டு மறுபடி ஆரம்பித்தோம். அதே தோட்டத்து மண்ணைப் பிளாஸ்டிக் குவளையில் போட்டு மேசை மேல் வைத்தோம். எண் அவ்வளவாகக் குதிக்கவில்லை. திரும்பத் தோட்டத்தில் குத்தினோம், குதித்தது. அப்படியே லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கினோம். நின்றுவிட்டது! செருகினால் குதிக்கும், பிடுங்கினால் நிற்கும். ஐந்து தடவை செய்து பார்த்து நோட்டில் எழுதினேன். அப்போது வெறுங்காலோடு நின்ற என் தோழி லேப்டாப்பின் அடிப்பக்கத் திருகைத் தொட்டுவிட்டு, "ஏய், சுரீர்னு இருக்குடி" என்றாள்.

சார் உடனே எங்களைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு அந்தத் திருகில் டெஸ்டரை வைத்தார். மங்கலாக எரிந்தது. மறுநாள் எலெக்ட்ரீசியன் அண்ணன் வந்து மெயினை அணைத்துவிட்டு பிளக் பாயிண்ட்டைக் கழற்றினார். மேலே உள்ள பெரிய துளைக்கு எர்த் ஒயரே கொடுக்கவில்லை. வெறும் துளை!

சார்ஜருக்குள் இருக்கும் சின்ன மின்தேக்கிகள் வழியாக ரொம்பக் கொஞ்சம் மின்சாரம் எர்த் பின்னுக்குக் கசியும். எர்த் இருந்தால் அது பேசாமல் பூமிக்குப் போய்விடும். இல்லாததால் லேப்டாப், யு.எஸ்.பி. ஒயர், போர்டு, சென்சார் என்று சுற்றிக்கொண்டு தோட்டத்து மண் வழியாகப் பூமிக்குப் போயிருக்கிறது. குவளையில் இருந்து பூமிக்கு வழி இல்லை. அதனால்தான் அங்கே குதிக்கவில்லை. தோழிக்குச் சுரீர் என்றதும் இதே மின்சாரம்தான். இரும்பு உடம்பு உள்ள சாமான் ஏதாவது பழுதாகி அந்த பாயிண்ட்டில் செருகியிருந்தால் சுரீர் என்பதோடு போயிருக்காது. தலைமையாசிரியர் மற்ற அறைகளையும் பார்க்கச் சொன்னார். இன்னொரு அறையிலும் எர்த் இல்லை.

எர்த் கொடுத்த பிறகு எண் 612-க்கும் 618-க்கும் நடுவில் நின்றது. அதற்கப்புறம்தான் சராசரி எடுத்தோம்.

இன்னொரு சின்னத் தொல்லையும் இருந்தது. பம்ப் நிற்கும்போதெல்லாம் லேப்டாப்பில் இணைப்பு அறுந்தது. மோட்டார் சுருளில் மின்சாரம் சட்டென்று நிற்கும்போது எதிராக ஓர் உதை வருமாம். 1என்4007 டையோடு ஒன்றை மோட்டாருக்குக் குறுக்கே, வெள்ளைக் கோடு பிளஸ் பக்கம் இருக்கும்படி வைத்தோம். மோட்டாருக்குத் தனி பேட்டரியும் கொடுத்தோம். அதோடு சரியாகிவிட்டது.

பிளக் பாயிண்ட்டை மட்டும் நீங்கள் யாரும் கழற்ற வேண்டாம். ஏ0 ஒயர் சோதனையைச் செய்ய ஆசைப்படுகிறவர்கள் மதிய இடைவேளையில் ஆய்வகத்துக்கு வாருங்கள், போர்டு அங்கேதான் இருக்கிறது.

– 9-ஆம் வகுப்பு மாணவி