பூட்டும் செயலியும்

சிறுமலைக்கும் பழனி மலைத்தொடருக்கும் இடைப்பட்ட சமவெளியில், ஓங்கிய பாறையொன்றின் அடியில் அமைந்த நகரம் திண்டுக்கல். அந்நகரின் பூட்டு நாடெங்கும் புகழ் வாய்ந்தது. 2019ஆம் ஆண்டில் புவிசார் குறியீடும் பெற்றது. பூட்டின் உள்ளமைப்பைத் தொழில் வல்லார் அனைவரும் அறிவர். எனினும், உரிய சாவியின்றி அது திறவாது. காவல் சாவியில் உள்ளதேயன்றி, அமைப்பை மறைப்பதில் இல்லை. பூட்டில் குறை காணின், அதனைப் பிரித்துத் தகட்டை அராவிச் செம்மை செய்யலாம்.

அவ்வாறு பிரித்து அராவ இயலாத கருவியும் ஒன்று உண்டு. அதுவே கணிப்பொறியின் செயலி. விரல் நகமளவான சிலிக்கான் சில்லில் கோடிக்கணக்கான டிரான்சிஸ்டர்கள் அமைந்துள்ளன. வங்கியின் கணக்கும், மருத்துவமனைக் கருவியும், விண்கலமும் அதனை நம்பியே இயங்குகின்றன. உருவாக்கிய பின் அதனுட் பிழை காணின், திருத்துதல் அரிது.

1994ஆம் ஆண்டில், அமெரிக்கக் கணிதப் பேராசிரியர் தாமஸ் நைஸ்லி, இன்டெல் நிறுவனத்தின் பெண்டியம் செயலி சில வகுத்தல்களில் தவறுவதைக் கண்டறிந்தார். 4195835 என்னும் எண்ணை 3145727 ஆல் வகுப்பின் 1.33382 வருதல் வேண்டும், அச்செயலியோ 1.33374 என்றது. வகுத்தலுக்குரிய அட்டவணையில் ஐந்து இடங்கள் விடுபட்டமையே காரணம். அச்சிறு பிழைக்காக அந்நிறுவனம் 47.5 கோடி டாலர் ஒதுக்க நேர்ந்தது.

எல்லாக் கணக்குகளையும் முன்னரே செய்து பார்த்தல் ஆகாதோ எனின், ஆகாது. 32 இரும இலக்கங்கள் கொண்ட இரண்டு எண்களைக் கூட்டும் வகைகளை மட்டும், நொடிக்கு நூறு கோடியாகச் சோதித்தாலும், 580 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். ஆதலின் அறிஞர் இருவழிகளைக் கைக்கொள்கின்றனர். நம்பத்தக்க மாதிரி ஒன்றையும் புதிய வடிவமைப்பையும் ஒரே கட்டளைகளால் இயக்கி, விடைகளை ஒப்பிடுதல் ஒன்று. முக்கோணங்களை ஒவ்வொன்றாக அளவாது, அனைத்திற்கும் பொருந்தத் தேற்றத்தை நிறுவுதல் போல, வடிவமைப்பின் செம்மையைக் கணித முறையால் மெய்ப்பித்தல் மற்றொன்று.

செயலிக்கும் இலக்கணம் உண்டு. அதனைக் கட்டளைத் தொகுதி என்பர். பெரும்பாலும் அது தனி நிறுவனங்களின் உடைமையாக இருந்தது. 2010ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தார் ரிஸ்க்-ஃபைவ் என்னும் தொகுதியை வகுக்கத் தொடங்கி, யாவரும் கட்டணமின்றிப் பயன்படுத்த அளித்தனர். மொழியின் இலக்கணம் எல்லார்க்கும் பொதுவானாற்போல அதுவும் பொதுவாயிற்று.

அவ்விலக்கணத்தைத் தழுவி, சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பேராசிரியர் காமகோடி தலைமையில் ஆராய்ச்சிக் குழுவினர் ‘சக்தி’ என்னும் செயலிகளை வடிவமைத்தனர். 2018ஆம் ஆண்டில் அவற்றுள் ஒன்று அமெரிக்காவிலுள்ள இன்டெல் ஆலையிலும், மற்றொன்று சண்டிகருக்கு அருகிலுள்ள இந்திய ஆலையிலும் சில்லாக உருப்பெற்றன. 2025ஆம் ஆண்டில், இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்துடன் இணைந்து, விண்வெளிப் பணிக்குரிய ‘ஐரிஸ்’ என்னும் சில்லும் உருவாக்கப்பட்டது. சக்தியின் வடிவமைப்பை யாவரும் காணுமாறு அக்குழுவினர் வெளியிட்டுள்ளனர்.

மூடிய பெட்டியின் பிழையை அதன் உரிமையாளரே தேடுதல் வேண்டும். திறந்த வடிவமைப்பின் பிழையைத் திண்டுக்கல் மாணவனும் தேடலாம். ஆயினும் கதவு திறந்திருத்தல் மட்டும் போதாது. உட்புகுந்து பார்ப்பார் வேண்டும். பார்ப்பாரின்றேல் பிழை அவ்விடத்திலேயே உறங்கும். ஆகலின், நம்பிக்கை என்பது சொல்லால் வருவதன்று, சோதனையால் வருவது. ஆராய்ந்து தெளிந்த பின்னரே ஒரு பொருளை நம்புதல் அறிவுடையார் கடமையாகும்.