கவனக்குறைவு: ஒரு சொல்லும் ஒரு நோயறிதலும்

தமிழ்ப்பள்ளியில் படித்த எவரும் ‘கவனக்குறைவு’ என்னும் சொல்லைக் கேட்காமல் ஆறாம் ஆண்டைக் கடந்திருக்க முடியாது. கணக்கில் ஒரு சுழியம் விடுபட்டால் கவனக்குறைவு. கட்டுரையில் ஓர் ஒற்றெழுத்து விடுபட்டால் கவனக்குறைவு. நாளேட்டைத் திறந்தால் ஓட்டுநரின் கவனக்குறைவால் விபத்து என்றிருக்கும். அச்சொல்லுக்குள் எப்போதும் ஒரு குற்றச்சாட்டு ஒளிந்திருக்கிறது. அதே சொல்தான் ஒரு மருத்துவப் பெயரின் முதற்சொல்லாகவும் தமிழில் வழங்குகிறது. ஆங்கிலத்தில் ஏ.டி.எச்.டி. எனச் சுருக்கி அழைக்கப்படும் நிலையை நாம் ‘கவனக்குறைவு மிகை இயக்கக் குறைபாடு’ என்று எழுதுகிறோம். மூன்றாம் ஆண்டின் முதல் தவணையில், 22 வயதில், எனக்கு இக்குறைபாடு இருப்பதாக மனநல மருத்துவர் உறுதிசெய்தார். அதன்பின் ஓராண்டாகப் படித்தறிந்தவற்றையும் பட்டறிந்தவற்றையும் இக்கட்டுரையில் பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

பெயர் மாறிய கதை

நம் மொழியில் மட்டும்தான் இப்பெயர் பழி சுமத்துகிறது என்று எண்ண வேண்டாம். அலெக்சாண்டர் கிரைட்டன் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் 1798இல் வெளியிட்ட நூலில், ஒரு பொருளில் மனத்தை நிறுத்த இயலாதவர்களைப் பற்றி எழுதியுள்ளார். ஆனால், 1902இல் இலண்டனில் இத்தகைய குழந்தைகளைப் பற்றி விரிவுரையாற்றிய ஜார்ஜ் ஸ்டில் என்ற குழந்தைநல மருத்துவர், அதனை ஒழுக்கக் கட்டுப்பாட்டில் ஏற்பட்ட குறை என்றே குறிப்பிட்டார். அறிவில் குறையில்லாத குழந்தைகளிடமும் இது காணப்படுவதை அவரே கவனித்திருந்தும், ‘ஒழுக்கம்’ என்ற சொல்லை விடவில்லை. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேடு 1968இல் இதைக் குழந்தைப் பருவத்து மிகை இயக்கமாகப் பதிவுசெய்தது. 1980இல்தான் ‘கவனம்’ பெயருக்குள் நுழைந்தது. 1987இல் இன்றைய பெயர் வந்தது. ஒழுக்கத்தில் தொடங்கி, உடல் அசைவுக்கு வந்து, பிறகு கவனத்தை அடைய ஏறக்குறைய எண்பது ஆண்டுகள் ஆயின.

மலாய்மொழியில் இதைக் ‘குராங் தும்புவான்’, அதாவது கவனம் குவியாமை, என்கிறார்கள். பொறுப்பின்றித் தவறிழைப்பதற்கு அம்மொழியில் ‘சுவாய்’ என்ற வேறொரு சொல் உண்டு. இரண்டும் கலப்பதில்லை. தமிழில் ‘கவனம்’ என்ற ஒரே சொல் இரண்டு வேலைகளையும் செய்கிறது. ‘கவனமாகக் கேள்’ என்பது மனத்தை ஒருமுகப்படுத்தச் சொல்வது. ‘கவனமாகப் போய் வா’ என்பது அக்கறையோடு நடந்துகொள்ளச் சொல்வது. ஆகவே, ஒருவருக்குக் கவனக்குறைவு என்று தமிழில் சொன்ன மாத்திரத்தில் அக்கறை இல்லாதவர் என்ற பொருளும் சேர்ந்தே வந்துவிடுகிறது. மருத்துவமனையிலிருந்து திரும்பிய அன்று அம்மாவிடம் இந்தப் பெயரைச் சொன்னேன். “இதத்தானேம்மா நான் சின்ன வயசிலேருந்து சொல்லிக்கிட்டு இருக்கேன். இதுக்கு ஒரு டாக்டர் வேற வேணுமா?” என்றார். அவரைக் குறைசொல்ல இயலாது. தமிழ் அவருக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறது.

மருத்துவர் எதைத் தேடுகிறார்?

இதற்கு இரத்தப் பரிசோதனையும் இல்லை, மூளைப் படமும் இல்லை. நீண்ட நேர்காணல்தான். 2013இல் வெளிவந்த ஐந்தாம் பதிப்புக் கையேடு, கவனம் தொடர்பாக 9 அறிகுறிகளையும் மிகை இயக்கம், உந்துதல் தொடர்பாக 9 அறிகுறிகளையும் தருகிறது. 17 வயதுக்கு மேற்பட்டோரிடம் இரண்டில் ஒரு பிரிவிலாவது ஐந்து அறிகுறிகள் இருக்க வேண்டும். அவற்றுள் சில 12 வயதுக்கு முன்பே தோன்றியிருக்க வேண்டும். வீடு, கல்விக்கூடம், வேலையிடம் எனக் குறைந்தது இரண்டு சூழல்களில் காணப்பட வேண்டும். வாழ்க்கையைப் பாதித்திருக்கவும் வேண்டும். தூக்கக் குறைவு, மனச்சோர்வு, பதற்றம், தைராய்டுச் சுரப்பிக் கோளாறு ஆகியவையும் கவனத்தைக் கலைக்கும் என்பதால் மருத்துவர் அவற்றையும் விசாரிக்கிறார். கைப்பேசியால் கவனம் சிதறுகிறது என்று இன்று எல்லாரும் சொல்கிறோம். கைப்பேசி கைக்கு வருவதற்கு முந்தைய கதையைத்தான் மருத்துவர் முதலில் கேட்கிறார். உலகச் சுகாதார நிறுவனத்தின் ஆறு கேள்விகள் கொண்ட சோதனைத்தாள் ஒன்று உண்டு. அது மருத்துவரைப் பார்க்கலாமா என்று முடிவெடுக்க உதவும். அதைக் கொண்டு தமக்குத் தாமே பெயர் சூட்டிக்கொள்வது சரியன்று.

12 வயதுக்கு முந்தைய சான்றுக்கு நான் எங்கே போவேன்? அம்மா முதலாம் ஆண்டிலிருந்து என் தேர்ச்சி அறிக்கைகளை ஒரு நெகிழிப்பையில் போட்டு அலமாரியின் மேல்தட்டில் வைத்திருந்தார். அவற்றை எடுத்துச் சென்றேன். இரண்டாம் ஆண்டு: ‘கவனக்குறைவு அதிகம்.’ நான்காம் ஆண்டு: ‘திறமை உண்டு, வகுப்பில் கவனம் இல்லை.’ ஐந்தாம் ஆண்டு: ‘கனவு காண்பதைக் குறைக்கவும்.’ வெவ்வேறு ஆசிரியர்கள், ஏறத்தாழ ஒரே வாசகம். மருத்துவருக்குத் தமிழ் தெரியாததால் நானே மொழிபெயர்க்க வேண்டியிருந்தது. ‘கவனக்குறைவு’ என்ற இடத்தில் நின்றுவிட்டேன். அக்கறையின்மை என்பதா, கவனம் குவியாமை என்பதா? இரண்டையும் சொன்னேன். அவர் இரண்டையும் எழுதிக்கொண்டார். பதினைந்து ஆண்டுகளாக நான் எவருக்கும் காட்ட விரும்பாத தாள்கள் அன்று எனக்குச் சாட்சியாயின.

பெண் பிள்ளைகளிடம் இக்குறைபாடு பெரும்பாலும் ஓட்டமும் துள்ளலுமாக வெளிப்படுவதில்லை. மூலையில் அமைதியாக உட்கார்ந்து சன்னலைப் பார்க்கும் சிறுமி எவருக்கும் தொந்தரவு தருவதில்லை. ஆதலால் அவளை எவரும் மருத்துவரிடம் அனுப்புவதுமில்லை. நம் நாட்டுச் சுகாதார அமைச்சு வெளியிட்ட சிகிச்சை வழிகாட்டி நூல்களும் (2008, 2020) குழந்தைகளையும் பதின்ம வயதினரையும் பற்றியவையே. ஆனால், உலக அளவிலான ஆய்வுத் தொகுப்புகளின்படி பெரியவர்களிலும் ஏறத்தாழ 2.5 விழுக்காட்டினருக்கு இது உண்டு. அதாவது நாற்பது பேர் அமரும் ஒரு பயிற்சி வகுப்பில் ஒருவர்.

பல்கலைக்கழகத்தில் ஏன் வெளிப்படுகிறது?

எஸ்.பி.எம். வரையில் என்னைச் சுற்றி ஒரு சாரம் கட்டப்பட்டிருந்தது. எழுப்ப அம்மா, விரட்ட மணியோசை, மறுநாளே காட்ட வேண்டிய வீட்டுப்பாடம், வாரம் இரு முறை டியூஷன். வேலைக்கும் அதன் விளைவுக்கும் இடையே ஒரு நாள்தான் தூரம். பல்கலைக்கழகத்தில் அந்தத் தூரம் 14 வாரங்களாகிறது. முதல் வாரத்தில் தரப்படும் இடுபணியைப் பன்னிரண்டாம் வாரம்வரை எவரும் கேட்பதில்லை. மற்றவர்களுக்கு இது சுதந்திரம். எனக்கோ காலம் ‘இப்போது’, ‘இப்போது இல்லை’ என்று இரண்டே பகுதிகளாக இருந்தது. இரண்டாம் ஆண்டு முடிவில் என் புள்ளிகள் உபகாரச் சம்பளத்திற்கான எல்லைக்கோட்டைத் தொட்டு நின்றன. இன்னும் ஒரு தவணை அப்படிப் போனால் படிப்பை நிறுத்த வேண்டியதுதான் என்ற நிலையில்தான் பல்கலைக்கழக ஆலோசகரைப் பார்த்தேன். அவர் கடிதம் தந்து அரசாங்க மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அனுப்பினார்.

ரஸ்ஸல் பார்க்லி என்ற அமெரிக்க உளவியலாளர் 1997 முதல் முன்வைத்துவரும் விளக்கம் எனக்கு மிகவும் பயன்பட்டது. இது என்ன செய்வது என்று தெரியாத குறையன்று. தெரிந்ததை உரிய நேரத்தில் செய்ய முடியாத குறை என்கிறார் அவர். எனவே, அறிவுரையால் பயனில்லை. செயல் நடக்க வேண்டிய இடத்திலும் நேரத்திலும் உதவியைக் கொண்டுவந்து வைக்க வேண்டும். கண் மங்கியவரிடம் உற்றுப் பார் என்று சொல்வதைவிட எழுத்தைப் பெரிதாக அச்சிட்டுத் தருவது மேல் அல்லவா!

முதலில் காலத்தைக் கண்ணுக்குத் தெரியச் செய்தேன். மேசைமேல் முள் உள்ள பழைய பாணிக் கடிகாரம் ஒன்று இருக்கிறது. எண்களில் 3:40 என்று காட்டும் கைப்பேசி எனக்கு எதையும் உணர்த்துவதில்லை. முள் நகர்ந்த தூரம் உணர்த்துகிறது. அடுத்து, மனத்தில் எதையும் வைத்துக்கொள்வதில்லை. விரிவுரைஞர் வாயால் சொல்லும் எதுவும் அந்த நொடியிலேயே ஒரே ஒரு குறிப்பேட்டுக்குப் போய்விடும். இரண்டு குறிப்பேடுகள் வைத்தால் இரண்டும் தொலையும்.

தொடங்குவதுதான் எனக்கு மலை. பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் 1999இல் எழுதிய ஒரு வழி இதற்குக் கைகொடுக்கிறது. ‘நாளை படிப்பேன்’ என்று உறுதி பூணுவதை விட்டு, ‘இது நடந்தவுடன் இதைச் செய்வேன்’ என்று ஒரு நிகழ்ச்சியோடு முடிச்சுப்போட வேண்டும். சிற்றுண்டிச்சாலையில் ரொட்டி சானாய் சாப்பிட்டுத் தட்டை வைத்தவுடன் நூலகத்தின் இரண்டாம் மாடிக்குப் போவேன் என்பது என் முடிச்சு. தட்டை வைப்பது நிச்சயம் நடக்கும். மன உறுதி நிச்சயமில்லை. அங்கே என் அறைத்தோழி கணக்கியல் படித்துக்கொண்டிருப்பாள். நாங்கள் பேசிக்கொள்வதில்லை. பக்கத்தில் ஒருவர் வேலை செய்கிறார் என்பதே என்னை நாற்காலியில் இருத்துகிறது. இதன் காரணத்தைப் பெரிதாக ஆராயாமல் பயன்படுத்திக்கொள்கிறேன். கடைசியாக, ஆய்வேட்டு விரிவுரைஞரிடம் நிலையைச் சொல்லி, ஒரே காலக்கெடுவை மூன்று சிறு கெடுக்களாக மாற்றிக் கேட்டேன். கூடுதல் நாள்கள் கேட்கவில்லை. அவர் உடனே இசைந்தார்.

மருந்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். எனக்குத் தரப்படுவது மெத்தில்பெனிடேட். 1944இல் சுவிட்சர்லாந்தில் உருவாக்கப்பட்ட பழைய மருந்து இது. மூளை நரம்புகளுக்கு இடையே டோபமின், நோரட்ரீனலின் ஆகியவற்றின் அளவைக் கூட்டுகிறது. சாதாரண மாத்திரை நான்கு மணி நேரம் போலவும், மெதுவாகக் கரையும் வகை எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் வரையிலும் வேலை செய்யும். அது என் அறிவைக் கூட்டவில்லை. தொடங்கும் இடத்திலுள்ள மேட்டைச் சற்றுத் தாழ்த்தியது. நண்பகலில் பசி மறைந்துவிடுகிறது. ஆகவே காலை உணவைத் தவிர்ப்பதில்லை. தாமதமாகப் போட்டால் தூக்கம் கெடும். ஒவ்வொரு சந்திப்பிலும் நாடித்துடிப்பு, இரத்த அழுத்தம், உடல் எடை பார்க்கிறார்கள். இம்மருந்து ஒத்துவராதவர்களுக்கு அட்டமொக்சடின் போன்ற வேறு வகையும் உண்டு. அது பலன் தரச் சில வாரங்களாகும். மருந்து எடுத்தும் சிக்கல் தீராத பெரியவர்களுக்குத் திட்டமிடும் பழக்கங்களைக் கற்பிக்கும் உளவியல் சிகிச்சை கூடுதல் பலன் தருவதை 2010இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்று காட்டியது.

தேர்வு வாரத்தில் “ஒரு மாத்திரை கொடேன்” என்று கேட்கும் நண்பர்களுக்கு: 1952ஆம் ஆண்டு நச்சுப்பொருள் சட்டத்தின்கீழ் கட்டுப்படுத்தப்பட்ட மருந்து இது. என் இதயத்தைப் பரிசோதித்துவிட்டு எனக்குத் தந்தது. உங்களுக்குத் தர மாட்டேன்.

ஐயம் உள்ளவர்கள் பல்கலைக்கழக ஆலோசனைப் பிரிவிலோ அரசாங்கச் சுகாதார கிளினிக்கிலோ தொடங்கலாம். சமூகநலத் துறையின் மாற்றுத்திறனாளிப் பதிவில் கற்றல் சிக்கல் என்ற பிரிவின்கீழ் ஏ.டி.எச்.டி.யும் இடம்பெறுகிறது. பதிவு செய்வது கட்டாயமன்று. நான் இன்னும் செய்யவில்லை. தேர்வில் கூடுதல் நேரம் தேவைப்பட்டால் செய்வேன்.

வீட்டில் இதைப் புரியவைக்கப் பல மாதங்கள் பிடித்தன. “கல்யாணப் பேச்சு வர்ற நேரத்துல வெளியில சொல்லாதே” என்பது அம்மாவின் முதல் கவலை. இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வுகளின்படி இக்குறைபாட்டில் மரபணுக்களின் பங்கு 70 முதல் 80 விழுக்காடு என்று படித்துக் காட்டினேன். அம்மா ஒன்றும் பேசாமல், கொட்டகையில் பாதி பிரித்த மூன்று காற்றாடிகளுக்கு நடுவே திருகாணி தேடிக்கொண்டிருந்த அப்பாவைப் பார்த்தார். அந்த விழுக்காடு மக்கள்தொகையைப் பற்றியது, தனி ஆளைப் பற்றியதன்று என்று நான் விளக்கியது எடுபடவில்லை. ஆனால், அன்றிலிருந்து வீட்டில் எவரும் என்னைச் சோம்பேறி என்று சொல்வதில்லை. அப்பாவுக்கும் அந்தச் சலுகை கிடைத்திருக்கிறது.

பெயர் விசயத்தில் நாங்கள் இருவரும் ஓர் உடன்பாட்டுக்கு வந்துள்ளோம். ‘கவனக்குறைவு’ என்று சொல்வதில்லை; ‘கவனம் நிலைகொள்ளாமை’ என்கிறோம். நீளம்தான். இதைவிடச் சுருக்கமாக, பழி தொனிக்காத ஒரு சொல்லை நம் மொழிக்கழக உறுப்பினர்கள் தந்தால் ஏற்றுக்கொள்வேன். அம்மா இரவில் அழைத்துப் பேசும்போது ‘கவனமா படி’ என்று முடிப்பதையும் நிறுத்திவிட்டார். “எத்தன மணிக்கு உட்காரப் போற? யாரோட?” என்று கேட்கிறார். நேரத்தையும் பெயரையும் சொன்ன பிறகுதான் கைப்பேசியை வைக்கிறார்.