ஒரு சோறு பதம்

பெருமாள் கோயில் திருமடைப்பள்ளியில் தளிகை செய்யும் பரிசாரகர், அன்னம் வெந்ததா என்று நாவில் இட்டுப் பார்ப்பதில்லை. எம்பெருமான் அமுது செய்யுமுன் ருசி பார்ப்பது அபசாரம். கரண்டியால் நாலு பருக்கை எடுத்து, ஒன்றை விரலால் நசுக்கிப் பார்ப்பார். “ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்” என்பதை, அருகில் நிற்கும் அவர் பிள்ளை அன்றே கண்ணால் கற்றுக்கொள்கிறான்.

வடமொழியில் இதனை ஸ்தாலீபுலாக நியாயம் என்பர். ஸ்தாலீ பானை, புலாகம் சோற்றுப் பருக்கை. காகதாளீய நியாயம் என்பதும் காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையே. கூபமண்டூகமோ நம் கிணற்றுத் தவளை. பாட்டியிடம் தமிழில் கேட்டவனுக்குப் பாடசாலையில் பாதிப் பாடம் முன்னமே வந்துவிடுகிறது. குரங்குக்குட்டி தாயைப் பற்றிக்கொள்ளும். பூனைக்குட்டியைத் தாயே கவ்விச் செல்லும். சரணாகதியைக் குறித்து இரு கலையாரும் சொல்லும் நுட்பத்திற்குக் கொல்லைப்புறத்துப் பூனையே முதல் ஆசான்.

உத்திரமேரூர் ஏரிப் பாசனத்து ஊர். “ஏரி நிறைந்தால் கரை கசியும்” என்பதை இப்பக்கத்துப் பிள்ளைகள் தகப்பனாருடன் கரைமேல் நடந்தே அறிந்தனர். செல்வம் ஓரிடத்தில் பெருகினால் அண்டினோர்க்கும் அது கசியும் என்ற பொருள் பின்னரே விளங்கும். வைகுண்டப் பெருமாள் கோயிற் சுவரிலுள்ள, முதற் பராந்தக சோழர் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகளில் ஏரி வாரியத்தின் பெயரும் காணப்படுகிறது. வாரியத்திற்கு உறுப்பினரைத் தேரும்போது, குடத்திலுள்ள ஓலையை எடுக்க விவரமறியாத ஒரு பாலனையே அழைத்தனர். பெரியோர் காரியம் நடக்குமிடத்தில் பிள்ளைகளுக்கும் இடமிருந்தது.

பழமொழிகளை ஏட்டில் ஏற்றியோரும் உண்டு. முன்றுறை அரையனார் நானூறு வெண்பாக்களில் பழமொழிகளை அமைத்தார். பெர்சிவல் பாதிரியார் 1874இல் ஆறாயிரத்துக்கு மேற்பட்டவற்றை அச்சிட்டார். சொற்கள் பிழைத்தன, அவை பிறந்த அடுப்படி ஏட்டில் ஏறவில்லை. இன்று குக்கரின் விசிலை எண்ணி அடுப்பை அணைக்கும் வீட்டில் பிள்ளை எதை நசுக்கிப் பார்ப்பான்? “பதம்” என்றால் “உதாரணம்” என்று தேர்வில் எழுதுகிறான். மதிப்பெண்ணும் கிடைத்துவிடுகிறது!

உற்சவ நாட்களில் ததீயாராதனைக்குப் பந்தலருகே பெரிய தவலைகளில் அன்னம் கொதிக்கும். சேவார்த்திகள் குழந்தைகளை அழைத்துச் சென்று, சற்றுத் தள்ளி நின்றேனும் காட்டலாம். பருக்கையை நசுக்கியவர் கஞ்சியை வடிக்கச் சொல்கிறாரா, இன்னும் ஒரு கொதி வரட்டும் என்கிறாரா என்று அவர்களே பார்க்கட்டும்.